எழுதுவதும் எடுத்துக் கொடுப்பதும்: கருத்தடை மாத்திரையும் மருந்தாளுநரும்

மருத்துவர் மருந்தை எழுதுகிறார், மருந்தாளுநர் அதை எடுத்துக் கொடுக்கிறார் என்பது நவீன மருத்துவத்தின் நெடுநாளைய வேலைப் பிரிவினை. இந்த வரம்பைக் கருத்தடை மாத்திரையின் அளவிலாவது தளர்த்தி, வாங்க வரும் பெண்ணிடம் மருந்தாளுநரே விசாரித்து, ஏற்ற மாத்திரையைத் தாமே எழுதிக் கொடுக்கும் ஏற்பாட்டை அமெரிக்காவின் ஓரிகன், கலிபோர்னியா மாநிலங்கள் 2016ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்தின. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2023 ஜூனிலும், இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவை அதே ஆண்டின் இறுதியிலும் அவ்வழியில் வந்து சேர்ந்தன. அந்நாடுகளில் மருந்து கடையில் இருந்தது. அதற்கும் பெண்ணுக்கும் நடுவில் மருத்துவரின் சீட்டு நின்றது. சீட்டை எழுதும் கையை மாற்றியவுடன் தடை விலகிற்று. இதே கேள்வியைத் திருப்பூர் மாவட்டத்துத் தாராபுரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் அது தலைகீழாகத் திரும்பிவிடுகிறது என்பதே இவ்வுரையின் தொடக்கப்புள்ளி. இங்கே கேட்கப்படும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டம் சீட்டே கேட்கவில்லை. கேட்டு வருபவருக்குக் கடையில் மருந்துதான் இல்லை.

சட்டத்தின் நிலையை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் 1945இல் வகுக்கப்பட்ட விதிகளில் பல அட்டவணைகள் உள்ளன. அவற்றுள் 'எச்' அட்டவணை என்பது பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கத்தக்க மருந்துகளின் பட்டியல். 'கே' அட்டவணை என்பது சில விதிகளிலிருந்து விலக்குப் பெற்ற பொருள்களின் பட்டியல். நாள்தோறும் உட்கொள்ளும் கருத்தடை மாத்திரைகளில், லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராமும் எத்தினைல் ஈஸ்ட்ரடயால் 0.03 மில்லிகிராமும் சேர்ந்த வகை போன்ற சில குறிப்பிட்ட சேர்மானங்கள் இந்த 'கே' அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. அவற்றை விற்க மருந்து விற்பனை உரிமமே வேண்டியதில்லை. அதாவது, சட்டத்தின் எழுத்துப்படி மளிகைக் கடைக்காரர்கூட அவற்றை விற்கலாம். உடலுறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ளும் அவசரக் கருத்தடை மாத்திரையும் 2005ஆம் ஆண்டு முதல் சீட்டில்லாமல் விற்கத்தக்கதாக இந்திய அரசால் அனுமதிக்கப்பட்டது. ஒரே மருந்தின் பெயர் இரண்டு அட்டவணைகளிலும் வருவதால் குழப்பம் எழுந்து, 2024ஆம் ஆண்டில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு விளக்கம் தர நேர்ந்தபோதும் இந்த விலக்கு நீடிக்கிறது என்றே சொல்லப்பட்டது.

இவ்வளவு தாராளமான சட்டம் இருந்தும், தமிழ்நாட்டின் மெடிக்கல் கடைகளில் அவசரக் கருத்தடை மாத்திரையைக் கேட்டால் 'இல்லை' என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. 2007ஆம் ஆண்டையொட்டி ஐ-பில், அன்வான்டட்-72 ஆகிய பெயர்களில் இம்மாத்திரைகள் நாடெங்கும் தொலைக்காட்சி விளம்பரங்களுடன் சந்தைக்கு வந்து, பிற மாநிலங்களில் சாதாரணச் சரக்காக ஆகிவிட்டன. இங்கோ அவை ஏறத்தாழ மறைந்துபோயின. தடை விதிக்கும் அரசாணை எதுவும் கிடையாது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் தடை இல்லை என்று செய்தியாளர்களிடம் பலமுறை சொல்லியிருக்கின்றனர். கடைக்காரர்களோ தடை இருப்பதாகவே நம்பி, அல்லது நம்புவதாகச் சொல்லி, சரக்கு எடுப்பதில்லை. கடை நடத்துபவருக்கு ஆய்வாளரின் கேள்விகளைப் பற்றிய அச்சமும், ஊரார் என்ன சொல்வார்களோ என்ற கூச்சமும், 'கல்யாணமாகாத பெண்களுக்கு இதைக் கொடுத்துப் பழி சுமக்க வேண்டுமா' என்ற எண்ணமும் ஒன்றுசேர்ந்து, எழுதப்படாத ஒரு தடையை உண்டாக்கிவிட்டன. எழுதிய ஆணையாக இருந்தால் நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காடலாம். எழுதப்படாத இதை எதிர்த்து எங்கே முறையிடுவது என்பது யாருக்கும் தெரிவதில்லை. ஆகவே தேவைப்படுவோர் கேரளத்திலோ பெங்களூரிலோ புதுச்சேரியிலோ இருக்கும் தெரிந்தவர்களை நம்ப வேண்டியிருக்கிறது, அல்லது இணையவழி மருந்தகத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மூன்று நாள் கெடுவுள்ள ஒரு மருந்துக்கு இவை இரண்டும் வழிகளே அல்ல.

இந்த மறைவுத் தடையின் வேரில் ஒரு மருத்துவக் குழப்பம் இருக்கிறது: அவசரக் கருத்தடை மாத்திரையும் கருக்கலைப்பு மாத்திரையும் ஒன்றே என்று பலரும் எண்ணுகின்றனர். இரண்டும் முற்றிலும் வேறானவை. கருக்கலைப்புக்குப் பயன்படும் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் ஆகியவை ஏற்கனவே உண்டான கருவை வெளியேற்றுபவை. 1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டத்தின் வரம்புக்குள், மருத்துவரின் சீட்டோடு மட்டுமே தரத்தக்கவை. அவசரக் கருத்தடை மாத்திரையில் உள்ள லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் கருமுட்டை சூலகத்திலிருந்து வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. முட்டை வராததால் விந்தணு காத்திருந்து அழிகிறது. கரு உண்டாவதே இல்லை. கரு பதிந்துவிட்ட பிறகு அதே மாத்திரையை உட்கொண்டாலும் கருவுக்கு ஒன்றும் ஆவதில்லை. முட்டை வெளிவந்தபின் அது பயன்படாது என்பதனால்தான் எவ்வளவு விரைவில் உட்கொள்ளப்படுகிறதோ அவ்வளவு நல்லது என்று சொல்லப்படுகிறது. குமட்டல், தலைவலி, அடுத்த மாதவிடாய் சில நாள் முன்பின்னாதல் ஆகியவையே பொதுவான பக்க விளைவுகள். இம்மாத்திரையைத் தடுப்பதன் மூலம் கருக்கலைப்பைத் தடுத்துவிட்டதாக நினைப்பவர்கள், அடுத்த மாதத்தில் கருக்கலைப்பை நாட வேண்டிய நிலைக்கே ஒரு பெண்ணை அனுப்பி வைக்கின்றனர்.

தாராபுரத்தின் சூழலில் இக்கேள்வி ஏன் கூர்மையடைகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். அமராவதிக் கரையில் உழவை நம்பியிருந்த இவ்வூர், 2009ஆம் ஆண்டில் ஈரோடு மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய திருப்பூர் மாவட்டத்தில் சேர்ந்தது. நிர்வாகம் மாறுவதற்கு முன்பே இவ்வட்டாரத்தின் பிழைப்பு பனியன் பக்கம் சாய்ந்திருந்தது. காங்கேயம், மூலனூர், வெள்ளக்கோவில், பல்லடம் சாலைகளில் நூற்பாலைகளின் வேன்கள் விடியற்காலையில் கிராமத்துப் பெண்களை ஏற்றிச் செல்வதும், திருப்பூரின் லைன் வீடுகளில் தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, ஜார்க்கண்ட், பிகார் மாநிலங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் தங்கியிருப்பதும், ஆலை விடுதிகளில் இளம்பெண்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்வதும் இப்பகுதியின் அன்றாடக் காட்சிகள். மூன்றாண்டு வேலைக்குப் பிறகு திருமணச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தருவதாகச் சொல்லி மணமாகாத பெண்களைச் சேர்த்த 'சுமங்கலித் திட்டம்' பற்றிய குற்றச்சாட்டுகள் இம்மாவட்டங்களிலிருந்துதான் உலகுக்குத் தெரியவந்தன. அத்தகைய விடுதிகளில் வெளியே செல்ல அனுமதி வாரம் ஒருமுறை, அதுவும் காப்பாளரின் துணையோடு என்பது பலமுறை பதிவாகியிருக்கிறது. 72 மணி நேரக் கெடுவையும் வாரம் ஒருமுறை கிடைக்கும் வெளிச்செல்லலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பிரச்சினையின் அளவு விளங்கும்.

ஷிப்டில் நிற்கும் பெண்ணுக்கு மருத்துவரைப் பார்ப்பது என்பது கட்டணத்தோடு முடியும் செலவன்று. அரை நாள் கூலி போகும். பேருந்துக் காசு போகும். மகளிர் மருத்துவரின் கூடத்தில் தெரிந்த முகங்களின் நடுவே உட்கார வேண்டும். எதற்கு வந்தாய் என்ற கேள்விக்கு ஒரு பொய் தயாராக இருக்க வேண்டும். மெடிக்கல் கடையோ இரவு ஒன்பது, பத்து மணி வரை திறந்திருக்கும். காய்ச்சல் மாத்திரை வாங்குவது போல வாங்கிக்கொண்டு போகலாம். மருந்தாளுநருக்கு அதிகாரம் தர வேண்டும் என்று உலகின் பிற பகுதிகளில் வாதாடுவோர் சொல்லும் காரணங்கள் அனைத்தும், பனியன் கம்பெனி வட்டாரத்தில் பல மடங்கு வலுவோடு பொருந்துகின்றன.

இதே வட்டாரத்தில் மாத்திரை பற்றிய இன்னொரு முரணும் உண்டு. தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசி 2019ஆம் ஆண்டில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளியிட்ட செய்தி, மாதவிடாய் வலியோடு வந்த பெண்களுக்கு வேலையிடத்திலேயே பெயர் அச்சிடாத மாத்திரைகள் தரப்பட்டதையும், தந்தவர் பெரும்பாலும் மருத்துவப் பயிற்சி இல்லாதவர் என்பதையும் பதிவு செய்தது. பெண் இயந்திரத்தை விட்டு நகராமலிருக்க வேண்டும் என்றால் எந்தச் சீட்டும் எந்தப் பட்டமும் கேட்கப்படுவதில்லை. அப்பெண் தன் உடலைப் பற்றித் தானே ஒரு முடிவெடுத்து, சட்டம் அனுமதித்த ஒரு மாத்திரையைக் காசு கொடுத்துக் கேட்கும்போதுதான் ஒழுக்கம், பாதுகாப்பு, பக்க விளைவு ஆகிய எல்லாம் நினைவுக்கு வருகின்றன.

இம்முரணுக்கு மாநிலத்தின் குடும்ப நல வரலாற்றில் விளக்கம் கிடைக்கிறது. கருத்தடையைப் பற்றித் தமிழில் மிகத் துணிவாக எழுதப்பட்டவை தாராபுரத்திலிருந்து வெகுதொலைவில் அச்சாகவில்லை; ஈரோட்டில் தொடங்கப்பட்ட 'குடிஅரசு' இதழில் 1930ஆம் ஆண்டிலேயே பெரியார் இப்பொருளை எடுத்துப் பேசினார். தாயின் உடல்நலம், குடும்பத்தின் வறுமை, நாட்டின் பொருளாதாரம் என்று பிறர் சொன்ன காரணங்களிலிருந்து தம் காரணத்தைப் பிரித்துக்காட்டி, பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்று அவர் வாதிட்டார். 1935ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து மார்கரெட் சேங்கர் வார்தாவுக்கு வந்து காந்தியைச் சந்தித்தபோது, காந்தி கருத்தடைக் கருவிகளை ஏற்க மறுத்துப் புலனடக்கத்தையே வலியுறுத்தினார் என்பதோடு ஒப்பிட்டால் ஈரோட்டின் குரல் எவ்வளவு முந்தியது என்பது தெரியும். ஆயினும் விடுதலைக்குப் பின் மாநில அரசு கையிலெடுத்தது பெரியாரின் காரணத்தை அன்று, பிறர் சொன்ன பொருளாதாரக் காரணத்தைத்தான். எண்ணிக்கையைக் குறைப்பதே நோக்கமானபோது, ஒருமுறை செய்தால் முடிந்துவிடும் அறுவை சிகிச்சையே ஏற்ற கருவியாகத் தோன்றியது.

அதன் விளைவை ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. 2019–21 காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், மணமாகி வாழும் பெண்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், ஆண்களின் அறுவை சிகிச்சையோ ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை, மாத்திரையை நம்புவோரும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எண்ணிக்கையில் இது பெருவெற்றி. ஆனால் இரண்டு குழந்தைகளைப் பெற்று முடித்த மணமான பெண்ணை மட்டுமே கண்ணில் வைத்துக் கட்டப்பட்ட ஏற்பாடு இது. முதல் குழந்தையைச் சற்றுத் தள்ளிப்போட விரும்பும் புதுமணத் தம்பதிக்கும், இரு பிள்ளைகளுக்கிடையே இடைவெளி வேண்டும் தாய்க்கும், மணமாகாத பெண்ணுக்கும் இதில் இடம் சிறிது அல்லது அறவே இல்லை. கிராம சுகாதார செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாலா-என், வாரம் ஒருமுறை உட்கொள்ளும் 'சாயா', அவசரத்துக்கு 'ஈஸி பில்' ஆகியவை அரசுத் திட்டத்தின்கீழ் இலவசமாகத் தரப்படுபவையே. ஆனால் செவிலியரின் பதிவேடு தம்பதியரின் பதிவேடு. ஊர் விட்டு ஊர் வந்து விடுதியில் தங்கியிருப்பவரின் பெயர் அதில் ஏறுவதற்கு வழியில்லை.

இனி, மருந்தாளுநர் எழுதிக் கொடுத்தல் என்பது நடைமுறையில் என்ன என்பதை விளக்க வேண்டும். கடைக்கு வரும் பெண்ணிடம் அச்சிட்ட ஒரு கேள்வித்தாள் தரப்படுகிறது. வயது என்ன, புகைபிடிக்கும் பழக்கம் உண்டா, குழந்தைக்குப் பால் கொடுக்கிறாரா, காலிலோ நுரையீரலிலோ இரத்தக் கட்டி ஏற்பட்டதுண்டா, கண்முன் ஒளிக்கீற்று தோன்றித் தொடரும் ஒற்றைத் தலைவலி உண்டா, மார்பகப் புற்றுநோய், கல்லீரல் நோய் இருந்தனவா, வேறு என்ன மருந்துகள் உட்கொள்கிறார் என்பவையே கேள்விகள். பின்பு இரத்த அழுத்தம் பார்க்கப்படுகிறது. விடைகள் உலக சுகாதார நிறுவனத்தின் வழியில் வகுக்கப்பட்ட தகுதி அளவுகோலோடு ஒப்பிடப்படுகின்றன. அந்த அளவுகோல் ஒவ்வொரு உடல்நிலையையும் ஒவ்வொரு கருத்தடை முறையோடு சேர்த்து நான்கு வகைகளாகப் பிரிக்கிறது: தடையில்லை, நன்மை மிகுதி, தீமை மிகுதி, கூடவே கூடாது. முதல் இரண்டில் வருபவருக்கு மாத்திரை தரப்படுகிறது. மற்றவர் மருத்துவரிடம் அனுப்பப்படுகிறார். வயிற்றையோ பிறப்புறுப்பையோ சோதிக்க வேண்டிய தேவை மாத்திரை தருவதற்கு இல்லை என்பதால்தான் இப்பணியை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுவர முடிந்தது.

மருந்துகளைப் பற்றிய கடைசிக் கேள்வியில் மருந்தாளுநருக்கு மருத்துவரைவிடச் சாதகமான நிலை ஒன்று உண்டு. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்றவையும் கல்லீரலில் நொதிகளைத் தூண்டி, கருத்தடை ஹார்மோனை விரைவில் சிதைத்துவிடுகின்றன. மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் கரு உண்டாகலாம். ஒரு மருத்துவர் வலிப்புக்கு எழுதுவதை இன்னொரு மருத்துவர் அறியாமலிருக்கலாம். இரண்டு சீட்டுகளும் வந்து சேரும் இடம் ஒரே கடையின் மேசை. எடுத்துக் கொடுப்பவர் எழுதுபவரைவிடக் குறைவாகவே அறிவார் என்ற எண்ணம் இந்த ஓரிடத்திலேனும் பொய்யாகிறது.

இந்தியச் சட்டத்தின் விசித்திரம் இங்கேதான் வெளிப்படுகிறது. பிரிட்டன் 2021இலும் அமெரிக்கா 2023இலும் சீட்டில்லாமல் விற்க அனுமதித்த அன்றாட மாத்திரைகள் புரோஜெஸ்டின் என்ற ஒரே ஹார்மோன் கொண்டவை. இரத்தம் உறையும் ஆபத்தை மிகுவிக்கும் ஈஸ்ட்ரோஜன் அவற்றில் இல்லை. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த வகையைக் கேள்வித்தாளுக்கும் இரத்த அழுத்தச் சோதனைக்கும் பின்பே அங்குள்ள மருந்தாளுநர்கள் தருகின்றனர். இந்தியாவோ ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரையையே உரிமத் தேவையிலிருந்து விடுவித்து, வாங்குபவரிடம் ஒரு கேள்வியும் கேட்கக் கடமைப்பட்டவர் என்று எவரையும் வைக்காமல் விட்டுவிட்டது. மாலா-டி போன்ற மாத்திரைகளைப் பெட்டிக்கடை வரை கொண்டுசெல்ல வேண்டும் என்ற ஆவலில் பிறந்த தாராளம் அது. நோக்கம் நல்லது, ஏற்பாடு அரைகுறை. 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகள் மருந்தாளுநர் நோயாளிக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்று கடமை விதித்தாலும், அந்த ஆலோசனைக்குக் கடையில் ஒரு மறைவிடமோ அதற்கென ஒரு கட்டணமோ நடைமுறைக்கு வரவில்லை.

மருத்துவர்கள் எழுப்பும் மறுப்புகளைப் புறந்தள்ளிவிட முடியாது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32ஆம் பிரிவின் மூலம், மருத்துவப் பட்டம் இல்லாத நலப் பணியாளர் சிலருக்கு அளவான மருந்தெழுதும் உரிமம் தரும் வழியைத் திறந்தபோது, அரைகுறை மருத்துவர்களை உண்டாக்கும் ஏற்பாடு என்று இந்திய மருத்துவச் சங்கம் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தது. கடைகளின் உண்மை நிலை அந்த அச்சத்துக்கு வலுச் சேர்க்கிறது: மருந்தியல் பட்டயம் பெற்றவரின் சான்றிதழ் சுவரில் தொங்க, மேசைக்குப் பின்னால் வேறொருவர் நிற்கும் கடைகள் உண்டு என்பதை அறியாதவர் இல்லை. அத்தகைய கடைக்கு எழுதும் அதிகாரத்தைக் கொடுப்பது யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு, மருந்தாளுநர் சங்கங்கள் இன்னும் நேரான விடை சொல்லவில்லை. பதினெட்டு வயது நிரம்பாத பெண் வந்து கேட்டால் என்ன செய்வது என்பது இன்னும் கடினம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சிறாருக்கெதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதால், உதவி கேட்டு வருபவரைக் கடைக்காரர் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார். இதற்குச் சட்டத்திலேயே தெளிவு வர வேண்டும். ஒரு கடையின் மேசையில் தீரக்கூடிய சிக்கல் அன்று அது.

எளிதில் கிடைத்தால் அடிக்கடி உட்கொள்வார்கள் என்ற வாதத்துக்கு மட்டும் நீண்ட மறுமொழி தேவையில்லை. அவசர மாத்திரை அன்றாட மாத்திரையைவிடக் குறைந்த பாதுகாப்பே தரும், பால்வினை நோயைத் தடுக்காது என்பவை உண்மை. இவ்விரண்டையும் வாங்குபவரிடம் சொல்ல வேண்டியவர் விற்பவரே. விற்காத கடையில் இதை யார் சொல்வார்?

ஆகவே தமிழ்நாட்டில் மருந்தாளுநருக்குப் புதிதாகத் தர வேண்டியது அதிகாரத்தைவிடக் கடமை என்பதே இவ்வுரையின் துணிபு. அவசரக் கருத்தடை மாத்திரைக்குத் தடை இல்லை என்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை செய்தியாளரிடம் வாய்மொழியாகச் சொல்லி நிறுத்தாமல், எல்லா உரிமதாரர்களுக்கும் எழுத்துச் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும். 2025 பிப்ரவரியில் ஆயிரம் இடங்களில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்கள், தனியார் தயங்கும் இடத்தில் இம்மாத்திரைகளை வைத்துக் காட்ட வேண்டும். அரசின் பெயரால் விற்கப்படும் பொருளைத் தடைசெய்யப்பட்டது என்று எந்த வணிகரும் சொல்ல இயலாது. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரைக்குத் தமிழில் ஒரு பக்கக் கேள்வித்தாளும், பயிற்சி பெற்ற மருந்தாளுநர் கடையில் இருக்கும் நேரத்தில் மட்டும் தரலாம் என்ற விதியும் வர வேண்டும். இந்தியும் ஒடியாவும் பேசும் பெண்களுக்காக அந்தத் தாள் அம்மொழிகளிலும் அச்சாக வேண்டும் என்பதைத் திருப்பூர் மாவட்டத்தில் தனியே சொல்ல வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தக் கருவி வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. கடை மேசைக்கு அது வருவதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை.

இவற்றுள் அரசாணைக்குக் காத்திராமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அது தாராபுரத்து மருந்தாளுநர்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள். மொத்த வணிகருக்கு அடுத்த முறை எழுதும் சரக்குப் பட்டியலில் இம்மாத்திரையையும் சேர்க்க வேண்டும். அதுவரை, கேட்டு வருபவரிடம் இல்லை என்று சொல்ல நேர்ந்தால், அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்கலாம் என்பதையும், 72 மணி நேரத்தில் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்ப வேண்டும்.